ஓசிடி பரம்பரையாக வருமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர்களின் பதில்கள்

கை கழுவியது போதவில்லை என்ற தவிப்பு, கதவைப் பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகம், சாமி படத்தைப் பார்த்ததும் தலைகாட்டும் கெட்ட எண்ணம். இப்படி வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து நெருக்குவதும், அந்தப் பதற்றம் அடங்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் ஓசிடி. எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்கிறோம். 100 பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் ஏறத்தாழ 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. இந்த நோயைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரு கவலை விடாமல் தொடர்கிறது: இது ரத்தத்தில் வருவதா? அந்தக் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

என் கணவருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஓசிடி. இரவில் கேஸ், வாசல் பூட்டு இரண்டையும் பத்து தடவையாவது பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இப்போது 11 வயது மகள் பள்ளிவிட்டு வந்ததும் முக்கால் மணி நேரம் கை கழுவுகிறாள். "அப்பனைப் பார்த்துப் பழகிட்டா" என்கிறார் மாமியார். கணவரோ "என் ரத்தம்தான் காரணம்" என்று உடைந்துபோயிருக்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, தென்காசி

மாமியார் சொல்வதை முதலில் பார்ப்போம். பார்த்துப் பழகுவதால் ஓசிடி வருவதாக இருந்தால் பிள்ளை பெரும்பாலும் அப்பா செய்வதையே செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலேயே அப்படி இல்லை. அப்பா பூட்டை இழுத்துப் பார்க்கிறார், மகள் கை கழுவுகிறாள். அம்மாவுக்கு எண்ணிக்கை, மகனுக்குத் தெய்வ நிந்தனை எண்ணங்கள் என்று குடும்பத்துக்குள் வடிவம் மாறி வருவது சகஜம்.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் சுவீடன்காரர்கள். அந்நாட்டு மருத்துவப் பதிவேடுகளில் இருந்த ஏறத்தாழ 25,000 ஓசிடி நோயாளிகளின் உறவினர்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு ஓசிடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக இருந்தது. அதற்கு அடுத்த வட்டத்து உறவினர்களுக்கு 2 மடங்குக்குக் கிட்டே. சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று போகும்போது ஒன்றரை மடங்குகூட இல்லை. ரத்த உறவு விலக விலக வாய்ப்பும் படியிறங்குகிறது. ஒரே வீட்டில் வளர்வதால் மட்டும் ஓசிடி எவ்வளவு கூடுகிறது என்று தனியே கணக்கிட்டபோது, அதற்குப் பங்கு எதுவும் தெரியவில்லை. எனவே மகள் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்ற குற்றச்சாட்டை விட்டுவிடலாம்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த ஆய்வில் மரபின் பங்கு 47 சதவீதம் என்று வந்தது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், குழந்தைப் பருவத்தில் தெரியும் ஓசிடி அறிகுறிகளுக்கு 45 முதல் 65 சதவீதம், பெரியவர்களிடம் 27 முதல் 47 சதவீதம். இந்த எண்களைத் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் பல பெற்றோர்கள் தூக்கம் தொலைக்கிறார்கள். "47 சதவீதம்" என்றால் உங்கள் பிள்ளைக்கு நோய் வர 47 சதவீத வாய்ப்பு என்று பொருள் இல்லை. ஒரு சமூகத்தில் சிலருக்கு ஓசிடி வருகிறது, பலருக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளால் விளக்க முடியும் என்பதைத்தான் அது சொல்கிறது. மீதிப் பாதி, ஒரே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேர்பவை: பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கல், கடும் நோய், மனத்தை உலுக்கிய நிகழ்வு போன்றவை.

கணவர் மகளுக்குக் கொடுத்தது நோயை அல்ல, நோய்க்கு எளிதில் ஆளாகும் தன்மையை. அதுவும் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை. அதோடு, தன் மகளின் தவிப்பை விளக்காமலேயே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அந்த வீட்டில் அவர்தான். அவரை ஒதுக்காமல் சிகிச்சைக்குள் கொண்டுவாருங்கள்.

மகளைத் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணங்களும் செயல்களும் சேர்ந்து நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் எடுத்தாலோ, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தாலோ அதை நோயாகவே கருதுகிறோம். முக்கால் மணி நேரம் உங்கள் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். விரல் முட்டிகளில் தோல் வெடித்திருக்கிறதா, சோப்பு வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறதா, பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டு வருகிறாளா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெண் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு வரும் சிறுமிகளும் உண்டு.

எனக்கு 29 வயது. 21 வயதில் ஓசிடி வந்தது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் தாய்மாமன் மகளைப் பேசுகிறார்கள். அந்த மாமாவும் அதிசுத்தம் பார்ப்பவர். நான் திருமணம் செய்யலாமா? பிள்ளைக்கு வருமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?
— வாசகர், விருதுநகர்

தாராளமாகத் திருமணம் செய்யலாம். ஓசிடி இருப்பதால் பிள்ளை பெறக் கூடாது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

எண்ணைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓசிடி உள்ளவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். 100 பேரில் 11.7 பேருக்கு ஓசிடி இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களின் உறவினர்களிடம் அது 2.7. அதாவது ஓசிடி உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்களில் தோராயமாகப் பத்தில் ஒருவர். பத்தில் ஒன்பது பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

இந்தச் சராசரிக்குள் ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. ஓசிடி எந்த வயதில் தொடங்கியது என்பதைப் பொறுத்துக் குடும்பத்தில் பரவும் அளவு வெகுவாக மாறுகிறது. சிறு வயதிலேயே தொடங்கியவர்களின் நெருங்கிய உறவினர்களில் 100க்கு 20 பேருக்கு மேல் ஓசிடி கண்ட ஆய்வுகள் உண்டு. வயது வந்தபின் தொடங்கியவர்களின் குடும்பங்களில் அது மிகக் குறைவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், 18 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களின் உறவினர்களிடம் ஓசிடி அறிகுறியே தென்படவில்லை. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் இதை "வரவே வராது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் 21 வயதில் தொடங்கிய உங்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

இனி மாமா மகள் விஷயம். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் கூடும் முக்கியமான ஆபத்து, இருபக்கமும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால் வரும் நோய்களுக்கானது. தலசீமியா, சில வகைப் பிறவிக் காதுகேளாமை போன்றவை அந்த வகை. ஓசிடி அப்படிப்பட்டதில்லை. ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்களிக்கும் நோய் இது. ஆனால் மாமாவுக்கு இருப்பது உண்மையிலேயே ஓசிடி என்றால் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சுமை வரும், வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். ஆகவே மாமாவுக்கு இருப்பது எது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். வீட்டைத் துடைத்து வைப்பதில் அவருக்கு மகிழ்ச்சி என்றால் அது குணம். துடைக்காவிட்டால் உயிர் போகிற மாதிரிப் பதறி, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் அழுகிறார் என்றால் நோய். "சுத்தப் பைத்தியம்" என்று ஊர் வைக்கும் பெயரை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள், நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள். மறைத்துச் செய்த திருமணங்களில் என்ன நடக்கிறதென்றால், மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட முடியாமல் முதல் மாதத்திலேயே நிறுத்துகிறார்கள். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நோய் திரும்புகிறது. புது மனைவிக்கு அது என்னவென்றே புரிவதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணையும் அழைத்துச் சென்று, அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கவிடுங்கள்.

எச்சில் மாதிரி அனுப்பினால் ஓசிடி வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் செய்யலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

செரட்டோனின், குளுட்டமேட் இரண்டும் மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்கள். செரட்டோனினை உறிஞ்சும் புரதத்துக்கான மரபணு, குளுட்டமேட்டைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு என்று தனி மரபணுக்களைப் பிடித்து "இதுதான் ஓசிடி மரபணு" என்று ஒரு காலத்தில் நிறையக் கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவை அடுத்தடுத்த ஆய்வுகளில் நிற்கவில்லை. பிறகு முறை மாறியது. பல்லாயிரம் பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிடத் தொடங்கினார்கள். அந்த வகையில் மிகப் பெரிய ஆய்வு 2025இல் வந்தது. ஓசிடி உள்ள 53,660 பேரையும் இல்லாத 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டதில், ஓசிடியோடு தொடர்புள்ள 30 இடங்கள் மரபணுத் தொகுதியில் உறுதியாகப் பிடிபட்டன. அவற்றின் அருகே இருந்து பங்காற்றக்கூடியவை என்று 25 மரபணுக்களை முன்னிறுத்தினார்கள். நோயின் மரபுப் பங்கில் பெரும்பகுதியை விளக்க ஏறத்தாழ 11,500 வேறுபாடுகள் தேவைப்படும் என்றும் மதிப்பிட்டார்கள். மனச்சோர்வு, பதற்ற நோய், தசைத்துடிப்பு தொடர்ந்து வரும் டூரெட் நோய், உணவைத் தவிர்த்து மெலியும் அனோரெக்சியா ஆகியவற்றோடு இந்த வேறுபாடுகள் பல ஒன்றுபட்டிருந்தன. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஓசிடி, இன்னொருவருக்கு மனச்சோர்வு, மற்றொருவருக்கு முகத்தசைத் துடிப்பு என்று இருந்தால் அது தற்செயலாக இல்லாமல் இருக்கலாம்.

ஆராய்ச்சியாக இது மகத்தானது. பரிசோதனையாக இன்றைக்குப் பயனில்லை. சிலருக்கு ஓசிடி வந்து பலருக்கு வராத வேறுபாட்டில், அந்தப் பொதுவான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 100க்கு 7 பங்கு அளவுக்குத்தான் விளக்க முடிகிறது. மேலும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து மதிப்பெண்ணை நம் ஊர்ப் பிள்ளைக்குப் பொருத்தினால் இன்னும் தப்பும். "ஆபத்து அதிகம்" என்று ஒரு தாள் வந்துவிட்டால், அதன் பிறகு பிள்ளை சாதாரணமாகக் கை கழுவினாலும் உங்களுக்குப் பகீரென்கும். ஓசிடி உள்ள பெற்றோர் ஒருவரின் கையில் அந்தத் தாள் கிடைத்தால் அதையே நூறு தடவை எடுத்துப் பார்ப்பார்.

வேறொரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிஒய்பி2சி19, சிஒய்பி2டி6 என்ற இரண்டு நொதிகள் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கின்றன. பிறவியிலேயே இவை மெதுவாக வேலை செய்பவர்களும் மிக வேகமாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஓசிடிக்குத் தரும் மருந்துகளில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் ஆகியவற்றுக்கு முதலாவதும், க்ளோமிப்ரமினுக்கு இரண்டும் முக்கியம். குறைந்த அளவிலேயே பக்கவிளைவு தாங்க முடியவில்லை, அல்லது முழு அளவு கொடுத்தும் சொட்டுகூட வேலை செய்யவில்லை என்ற நிலையில் மருத்துவர் இதைக் கேட்கலாம். இது நோயைக் கணிப்பதில்லை, மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

நானும் அக்காவும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அவளுக்கு ஓசிடி. எனக்கும் வந்தே தீருமா?
— வாசகி, காரைக்கால்

தீராது. ஒரே கரு இரட்டையர்களுக்கு மரபணு ஏறத்தாழ முழுதும் ஒன்று. நூற்றுக்கு நூறு மரபுதான் காரணம் என்றால் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தாக வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதே மரபுக்கு வெளியே காரணங்கள் உண்டு என்பதற்குச் சான்று. ஆனால் இரு கரு இரட்டையர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு நன்றாகவே அதிகம். கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஆகிய காலங்களில் கவனமாக இருங்கள். அறிகுறி தென்பட்டால் முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் போங்கள்.

மரபணுவிலேயே இருக்கும் நோயைப் பேச்சும் பயிற்சியும் எப்படி மாற்றும்? ஆயுள் முழுக்க மாத்திரைதானா?
— வாசகர், தஞ்சாவூர்

கிட்டப்பார்வையும் பெருமளவு மரபால் வருவதுதான், கண்ணாடி போட்டால் பார்வை தெளிகிறது. காரணம் எங்கே இருக்கிறது என்பதும் சிகிச்சை எங்கே வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேப்பாப்3 என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கி எலிகளை உருவாக்கினார்கள். மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி உண்டு. பழக்கமான செயல்களைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அதன் வேலைகளில் ஒன்று. சேப்பாப்3 மரபணு உருவாக்கும் புரதம் அங்கே நரம்புச் சந்திப்புகளில் இருக்கிறது. அந்த எலிகள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தன, மயிர் உதிர்ந்து தோல் புண்ணாகும் வரை. ஓசிடி உள்ள மனிதர்களுக்குத் தரும் அதே ஃப்ளூவாக்சிடின் மருந்தை அவற்றுக்குக் கொடுத்தபோது துடைப்பது குறைந்தது. மரபணுப் பழுது அப்படியே இருக்க, நடத்தை மாறியது. எலிக்கு மனிதனின் ஓசிடி வருவதில்லை என்றாலும் இந்தக் கேள்விக்கு இது நேரடியான விடை.

மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் அளவிலும் காலத்திலும்தான். மனச்சோர்வுக்குப் போதுமான அளவு ஓசிடிக்குப் பெரும்பாலும் போதாது. ஃப்ளூவாக்சிடின் 20 மி.கி.யில் தொடங்கி 60 வரையும், தேவைப்பட்டால் 80 வரையும் போகிறோம். செர்ட்ராலின் 50இல் தொடங்கி 200 வரை. ஃப்ளுவாக்சமின் 300 வரை. சரியான அளவை எட்டி 8 முதல் 12 வாரம் ஆன பிறகுதான் "வேலை செய்கிறதா" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூன்றே வாரத்தில் "கேட்கவில்லை" என்று மருத்துவரை மாற்றி, மறுபடி 20 மி.கி.யில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் எந்த மருந்தையும் முழு அளவில் சாப்பிடாமலே "எல்லா மருந்தும் பார்த்துவிட்டோம்" என்று வருபவர்கள் ஏராளம். குழந்தைகளுக்குத் தொடங்கும்போது முதல் சில வாரங்கள் எரிச்சல், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். ஃப்ளுவாக்சமின் சாப்பிடுகிறவர்கள் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். காபியில் உள்ள காஃபீனைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து முடக்கிவிடும். காலையில் குடித்த ஃபில்டர் காபி நடுராத்திரி வரை உடம்பில் நிற்கும். படபடப்பையும் தூக்கமின்மையையும் நோய் கூடிவிட்டதென்று நினைத்துப் பயப்படுவார்கள்.

குணம் தெரிந்தபின் குறைந்தது 1 முதல் 2 ஆண்டுகள் தொடர்ந்துவிட்டு, மாதக்கணக்கில் மெல்லக் குறைக்கலாம். பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நிறுத்தும்போது நோய் திரும்புவது குறைவு. சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். அது யாருக்கு என்பதைக் குடும்ப வரலாறு மட்டும் சொல்லிவிடாது.

பயிற்சி என்பது பயப்படுவதை எதிர்கொண்டு, சடங்கைத் தடுக்கும் சிகிச்சை. பதற்றம் அடங்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலைத்தான் சடங்கு என்கிறோம். தென்காசி வாசகியின் மகளையே எடுத்துக்கொள்வோம். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் என்று 100க்கு மதிப்பெண் போடச் சொல்வோம். புத்தகப்பையின் அடிப்பக்கம் 30, செருப்பு வைக்கும் இடம் 45, பேருந்துக் கம்பி 60, பள்ளிக் கழிப்பறைக் கதவுப் பிடி 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30இல் தொடங்க வேண்டும். பையின் அடிப்பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் தொட்டு, கழுவாமல் உட்கார வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதற்றத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். முதலில் ஏறும், பிறகு தானே இறங்கத் தொடங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கலாம். இறங்காவிட்டாலும் கழுவாமல் தாக்குப்பிடித்தாலே அன்றைய பாடம் முடிந்தது. இதைத் தினமும் செய்ய வேண்டும். அந்தப் படி சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள்.

இதில் எங்கே கோட்டை விடுகிறார்கள்? கையைக் கழுவாமல் பாவாடையில் துடைத்துக்கொள்வது. பையில் ஒளித்து வைத்த சானிடைசர். மனத்துக்குள் "சுத்தமாத்தான் இருக்கு" என்று ஜபிப்பது. எல்லாவற்றையும்விட நுணுக்கமானது, "எப்படியும் ஆறு மணிக்குக் குளிக்கப் போறேன்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது. அந்த எண்ணம் இருந்தால் பயிற்சி முழுக்க வெறும் காத்திருப்பாகிவிடும். அதனால் குளித்து முடித்ததும் மறுபடி பையைத் தொட்டு, அந்தக் கையோடு தலையணையையும் தொடச் சொல்கிறோம்.

எங்கள் மகன் ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்கிறான். "நான் தப்பு பண்ணலையே?" என்பான். "இல்லைடா கண்ணா" என்று சொன்னால்தான் சாப்பிடுவான். பரம்பரையை மாற்ற முடியாது. வீட்டில் நாங்கள் மாற்ற வேண்டியது என்ன?
— பெற்றோர், திருவண்ணாமலை

இந்தப் பக்கத்திலேயே மிகத் தேவையான கேள்வி இது. நோயைத் தோற்றுவிப்பதில் வீட்டுச் சூழலுக்குப் பங்கு இல்லாமல் இருக்கலாம். நோயை ஊட்டி வளர்ப்பதில் நிச்சயம் உண்டு. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு "இல்லைடா கண்ணா"வும் அவன் செய்யும் சடங்கின் ஒரு பகுதிதான். அது பத்து நிமிட நிம்மதியைக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கூப்பிட்டு வருகிறது. தனி சோப்பு வாங்கித் தருவது, துணியைத் தனியாகத் துவைப்பது, கதவைத் திறந்துவிடுவது, அவனுக்காக விருந்தாளியை வராதே என்பது எல்லாமே இந்த வகைதான். அன்பால் செய்வதுதான். ஆனால் இப்படி ஒத்துழைப்பது கூடக் கூட நோய் கடுமையாக இருப்பதும், சிகிச்சைக்குக் கிடைக்கும் பலன் குறைவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன கேட்டான், எத்தனை முறை, யார் என்ன சொன்னார்கள். பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். சாப்பாட்டு நேரக் கேள்வியை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் அமைதியாக இருக்கும் வேளையில், அம்மா அப்பா இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முன்கூட்டியே சொல்லுங்கள்: "இந்தக் கேள்வி வரும்போது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க பதில் சொல்லச் சொல்ல உன் கஷ்டம் கூடுது. திங்கட்கிழமையிலிருந்து சாப்பிடும்போது இதுக்குப் பதில் சொல்ல மாட்டோம். உன்னால தாங்கிக்க முடியும்னு நம்புறோம்." கேள்வி வந்தால் ஒரே வாக்கியம் போதும்: "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் உன் பக்கத்துலயே இருக்கேன்." அதற்கு மேல் விவாதம் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

முதல் ஒன்றிரண்டு வாரம் கேள்வி கூடும், அழுகை கூடும். சாப்பாட்டைத் தள்ளிவிடவும் செய்யலாம். பல குடும்பங்கள் இங்கேதான் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. ஒன்பது நாள் உறுதியாக இருந்து பத்தாம் நாள் பதில் சொல்லிவிட்டால், "இன்னும் அழுத்திக் கேட்டால் கிடைக்கும்" என்று மூளை கற்றுக்கொள்ளும். அது தொடங்காமலே இருப்பதைவிட மோசம். எனவே தாங்க முடிந்த சிறிய விஷயத்தில் தொடங்குங்கள். பாட்டி, தாத்தாவிடமும் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை அம்மாவிடம் கிடைக்காததைப் பாட்டியிடம் வாங்கிக்கொள்வான். பெற்றோரில் ஒருவருக்கே ஓசிடி இருந்தால் இது இரட்டிப்புக் கடினம், பிள்ளையின் பதற்றம் அவருடைய பதற்றத்தையும் கிளறும். அவருக்கும் அதே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். அடிப்பதாக, தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டும் பிள்ளை என்றால் நீங்களாகத் தொடங்காதீர்கள், மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

8 வயதுப் பையன். போன மாதம் தொண்டைவலிக் காய்ச்சல் வந்து போனது. இரண்டே நாளில் கண் சிமிட்டலும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் ஆரம்பித்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை.
— வாசகி, புதுச்சேரி

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் ஓசிடி வரும், பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆனால் "இரண்டே நாளில்" என்று சொல்கிறீர்களே, அதைக் குழந்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றுக்குப் பிறகு திடீரென்று ஓசிடியும் தசைத்துடிப்பும் தோன்றும் ஒரு வகை 1998இல் விவரிக்கப்பட்டது. அரிதானது, அதன் எல்லைகள் பற்றி மருத்துவர்களிடையே விவாதமும் உண்டு. தொண்டைப் பரிசோதனை, கைகால் தானாக அசைகிறதா என்ற பரிசோதனை, இதயப் பரிசோதனை ஆகியவற்றை முடித்துவிட்டு, ஓசிடிக்கான சிகிச்சையையும் உடனே தொடங்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கத் தேவையில்லை.

5 மாதக் கர்ப்பிணி. செர்ட்ராலின் 100 மி.கி. சாப்பிடுகிறேன். மாத்திரையை நிறுத்தினால் குழந்தைக்கு இந்த நோய் போகாமல் தடுக்கலாம் என்கிறார்கள்.
— வாசகி, ஈரோடு

நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு எந்த மரபணுக்கள் போக வேண்டும் என்பது கரு உண்டான நொடியிலேயே முடிந்த விஷயம். மாத்திரை அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இப்போது திடீரென நிறுத்தினால் பிரசவ நேரத்தில் நோய் முழு வேகத்தில் திரும்பலாம். கர்ப்ப காலத்தில் அதிகம் பயன்படுத்தப்பட்ட மருந்துகளில் செர்ட்ராலின் ஒன்று. தாய்ப்பாலிலும் மிகக் குறைவாகவே கலக்கிறது. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமோ அழுகையோ இருக்கிறதா என்று பார்க்க, மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் மாத்திரை விவரத்தை முன்பே சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு "குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தியால் ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற எண்ணம் வரலாம். அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்கினால், அது ஓசிடி. அப்படிப்பட்ட தாய் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை, பயத்தில் குழந்தையைத் தூக்காமல் ஒதுங்குகிறாள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் குழந்தையைப் பிரிக்க மாட்டார்கள். குரல் கேட்கிறது, குழந்தையை ஏதாவது செய்வதுதான் சரி என்று தோன்றுகிறது, தூக்கமே இல்லை என்றால் அது வேறு நோய். அதற்கு அன்றே மருத்துவமனை.

முதன்முறையாக மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். குடும்ப வரலாறு என்று எதையெல்லாம் சொல்ல வேண்டும்?
— வாசகர், நாமக்கல்

ஒரு தாளில் மூன்று தலைமுறை: தாத்தா பாட்டி, அப்பா அம்மாவும் அவர்கள் உடன்பிறந்தோரும், நீங்களும் உங்கள் உடன்பிறந்தோரும். ஒவ்வொருவருக்கும் என்ன தொல்லை, எந்த வயதில் தொடங்கியது என்று எழுதுங்கள். நோயின் பெயர் தெரியாவிட்டால் பார்த்ததை எழுதினால் போதும்: "பெரியப்பா ரூபாய் நோட்டைக் கழுவி உலர்த்துவார்", "அத்தை தோளைக் குலுக்கிக்கொண்டே இருப்பார்". யார் எந்த மாத்திரையை எத்தனை மி.கி., எத்தனை வாரம் சாப்பிட்டார்கள் என்பதும் உதவும். அண்ணனுக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கட்டாயம் கேட்கும் என்றில்லை, ஆனாலும் சொல்லுங்கள். தற்கொலை நடந்திருந்தால் மறைக்க வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. நெருங்கிய உறவினர் யாருக்காவது சில வாரங்கள் தூக்கமே தேவையில்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு, பெரிய பெரிய பேச்சு என்று இருந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அது பைபோலார் நோயாக இருக்கலாம், அதற்கும் பரம்பரைத் தொடர்பு வலுவானது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ஓசிடிக்கான மாத்திரையை அதிக அளவில் கொடுத்தால் அதே உற்சாக நிலையைத் தூண்டிவிடக்கூடும். விவரம் தெரிந்தால் மருத்துவர் மெதுவாக அளவைக் கூட்டுவார், தேவைப்பட்டால் மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தை முதலில் தொடங்குவார்.

அருகில் யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். அரசின் இலவச சேவை இது, தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பல மருந்துகள் கேட்காத கடினமான நிலைகளுக்குப் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்சில் ஓசிடிக்கென்றே தனி மருத்துவப் பிரிவு உண்டு. அங்கே போகும்போது இதுவரை சாப்பிட்ட மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.